ஒரு மாதிரியாக இருந்த ஆதிமூலம்

வடக்கனந்தல் வட்டாரத்தில் மாடு விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே தரகரை நம்பினார்கள் என்றால் அது ஆதிமூலத்தைத்தான். அவர் நேர்மையானவர் என்று யாரும் நினைக்கவில்லை, அவரும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. நம்பியது அவருடைய கண்ணை. பத்தடி தள்ளி நின்றே பசு மூன்று மாதச் சினையா, வெறுமனே புல் அடைத்த வயிறா என்று சொல்லிவிடுவார். மூக்கு நுனியின் ஈரம், காது மடலின் சூடு, அசைபோடும் தாடை நடுவில் ஒருமுறை தயங்குவது, இதெல்லாம் அவருக்கு அச்சடித்த எழுத்து. கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் ஒருமுறை, கொழுகொழுவென்று நின்ற காளையைத் தடவிப் பார்த்துவிட்டு, இது இன்னும் இரண்டு நாள் தாங்காது, விற்காதே, பாவம் என் தலையில் விழும் என்றார். மறுநாள் காளை செத்தது. மாட்டுக்காரர் அவர் கண் பட்டுத்தான் செத்தது என்று மண்ணை வாரித் தூற்றினார். மற்றவர்கள் அன்றிலிருந்து அவர் சொன்ன விலைக்கு மறுபேச்சுப் பேசவில்லை.

மாட்டின் உடம்பைப் பற்றி நாற்பது வார்த்தை வைத்திருந்த இந்த மனிதர், தன் உடம்பைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் வைத்திருந்தார். "ஒரு மாதிரியா இருக்கு."

பசித்தால் ஒரு மாதிரியாக இருக்கும். நாக்கு வறண்டால் ஒரு மாதிரியாக இருக்கும். மைத்துனன் நாராயணசாமி களமருதூரிலிருந்து வந்து தங்கை வாழ்க்கையைப் பற்றி நாலு கேள்வி கேட்டாலும், மகள் சுபஸ்ரீ கல்லூரி விடுதிக்குக் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாலும், இரண்டு நாள் தூங்காமல் மலையிலிருந்து மாடு ஓட்டி வந்தாலும், எல்லாம் அதே ஒரு மாதிரிதான். நோய் ஒன்றே என்பதால் மருந்தும் ஒன்றாகவே இருந்தது. ஒரு குவார்ட்டர்.

பத்தொன்பது வயதில் அந்த மருந்து அறிமுகமானது. வெள்ளிமலையிலிருந்து ஆறு மாட்டைத் தனியாக இறக்கிக்கொண்டு வரும்போது மழையும் குளிரும் பிடித்துக்கொள்ள, வழியில் ஒரு குடிசையில் வேலம்பட்டை போட்டுக் காய்ச்சிய சாராயத்தைக் கொடுத்தார்கள். குளிர் போனது. பயம் போனது. பசியும் போனது. ஒரே மிடறில் மூன்று காரியம் என்பதில் ஒரு தரகருக்கு உடனே பிடிப்பு ஏற்பட்டதில் ஆச்சரியமில்லை. பிறகு மலைச் சரக்கு கடைச் சரக்கானது, மாலை மதியமானது, கல்யாணம் ஆனது. உடம்பு ஒவ்வொன்றாகச் சொல்வதை நிறுத்திக்கொண்டது. நிறுத்தவில்லை, சொல்லித்தான் வந்தது. கேட்கிற இடத்தில் ஆள் இல்லை. ஒருமுறை மலைப்பாதையில் உடைந்த பாட்டில் உள்ளங்காலில் ஏறி, ரத்தம் செருப்பில் வழுக்கி விழுந்த பிறகுதான் குனிந்து பார்த்தார். மாடு ஒரு அடி நொண்டினால் அரை மைலுக்கு முன்பே கண்டுபிடிக்கிற ஆள்.

மனைவி கமலாவுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு குடியை விடுகிறேன் என்று அவரே அறைக்குள் போய், வெளியே பூட்டச் சொன்னார். இரண்டாம் நாள் நெஞ்சு வலிக்கிறது என்று கத்தினார். அவள் கதவைத் திறந்துவிட்டு ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்கு ஓடினாள். ஆட்டோவோடு திரும்பி வரும்போது அவர் டாஸ்மாக் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றிருந்தார். ஆட்டோக்காரர் அன்று சிரித்த சிரிப்பை அவள் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

இந்த வருடம் தை பிறந்ததும் அவள் ஒரு தகரப் பெட்டியில் தன் புடவைகளை அடுக்கி, பூட்டி, வாசலுக்குப் போகிற வழியில் வைத்தாள். சண்டை போடவில்லை. இனி ஒரு தரம் குடித்ததைப் பார்த்தால் களமருதூருக்குப் போய்விடுவேன், பெண்ணையும் விடுதியிலிருந்து நேராக அங்கே வரச் சொல்லிவிடுவேன், உன் பொணத்துக்குக்கூடத் திரும்ப மாட்டேன் என்று அரிசி களைந்துகொண்டே சொன்னாள். பெட்டி அங்கேயே இருந்தது. சாப்பிடப் போகும்போதும் கை கழுவ வரும்போதும் ஆதிமூலம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அதனால் ஒரே வாரத்தில் இரண்டு இடத்துக்குப் போனார். ஏரிக்கரை முனியப்பன் கோயிலில் பூசாரி கந்தசாமி கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லி, வேப்பிலையால் தலையில் மூன்று அடி அடித்து, வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார். நாற்பத்தெட்டு நாள். அந்தக் கோயிலின் விசேஷம் ஊருக்கே தெரியும்: நாற்பது நாளுக்கு மேல் என்றைக்காவது ஒரு நாள் முனி வந்து கயிறு கட்டியவன் உடம்பைப் பிடித்து உலுக்கும். வியர்க்கும், நடுங்கும், உயிர் போவது மாதிரி இருக்கும். அப்போது கயிற்றைக் காப்பாற்றியவன் அப்புறம் சாகும்வரை குடிக்க மாட்டான். முன்பு கட்டியவர்களில் பாதிப் பேர் அந்த உலுக்கலில்தான் கடைக்கு ஓடினார்கள் என்றார் பூசாரி. அது உண்மைதான். மீதிப் பாதிப் பேர் அதற்கு முன்பே ஓடிவிட்டார்கள்.

இரண்டாவது இடம் கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியில் இருந்த குடி மீட்பு மையம். அங்கே இலக்கியா என்ற ஆலோசகர், இவர் மகளைவிட நாலைந்து வயது மூத்த பெண், ஒரு விநோதமான வேலை கொடுத்தாள். மணிக்கட்டைத் தொடக் கூடாது, நெஞ்சில் கை வைக்கக் கூடாது, சும்மா உட்கார்ந்தபடி இதயம் எத்தனை தடவை அடிக்கிறது என்று ஒரு நிமிடம் எண்ணிச் சொல்ல வேண்டும். ஆதிமூலம் கண்ணை மூடி வெகுநேரம் உள்ளே தேடிவிட்டு இருபத்தொன்று என்றார். அவர் விரலில் மாட்டியிருந்த கருவி தொண்ணூற்றாறு என்றது.

"உள்ளேருந்து வர்ற சேதியைப் படிச்சு, இது பசி, இது பயம்னு பேர் வச்சுச் சொல்ல மூளைல ஒரு எடம் இருக்குங்க ஐயா," என்றாள். "இத்தனை வருசக் குடியில அது மழுங்கிப் போச்சு. இப்ப எந்தச் சேதி வந்தாலும் அதுக்கு ஒரே பேர்தான் தெரியுது. குடிக்கணும்."

ஆதிமூலம் சற்று யோசித்தார். "அப்ப எனக்குள்ள இருக்கிற தரகன் சரியில்லன்றீங்க. கன்னுக்குட்டிய காட்டினாலும் எருமைய காட்டினாலும் ஒரே வெலய சொல்லிக்கினு கிறான்."

தான் ஒரு வருடமாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்ல முயன்றதை ஒரு மாட்டுத் தரகர் சொல்லிவிட்டதில் இலக்கியாவுக்கு லேசான வருத்தம்கூட இருந்திருக்கலாம். ஒரு தாளில் பெரிய எழுத்தில் ஆறு வார்த்தை எழுதிக் கொடுத்தாள்: பசி, தாகம், கோபம், அசதி, ஒண்ணுக்கு, வலி. ஒரு மாதிரியாக இருக்கும்போது மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். வலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எதுவுமே இல்லை என்றால் அது குடி ஆசை. பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அலை மாதிரி ஏறித் தானாக இறங்கிவிடும்.

பொறுத்துக்கொள் என்றது மையம். பொறுத்துக்கொள் என்றது முனி. விஞ்ஞானமும் ஏரிக்கரையும் ஒரே பேச்சாகப் பேசியதில் ஆதிமூலத்துக்குத் தெம்பு வந்தது.

நாற்பத்தெட்டு வயதில் ஒருவர் பசியைக் கண்டுபிடித்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒன்பதாம் நாள் தாளைப் பார்த்தபடி இரண்டு இட்லி சாப்பிட்டார். ஒரு மாதிரி போய்விட்டது. வெறும் இட்லிக்குப் போய்விட்டது. கமலாவைக் கூப்பிட்டு, "ஏ, இது பசிடி," என்றார். அவள் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பதினாலாம் நாள் தாகத்தையும், இருபதாம் நாள் மைத்துனன் மேலிருந்த கோபத்தையும் அடையாளம் கண்டார். முப்பதாம் நாள் மையத்தில் மறுபடி எண்ணச் சொன்னபோது ஐம்பத்தெட்டு என்றார். கருவி தொண்ணூறு காட்டியது. நல்ல முன்னேற்றம் என்றாள் இலக்கியா. முன்னேற்றம்தான், மூன்றில் இரண்டு பங்கு உடம்பு அவருக்குக் கேட்கத் தொடங்கியிருந்தது.

சந்தை நாள் மட்டும் ஆபத்து. காலையில் வியாபாரம் முடிந்ததும் தரகர்கள் சேர்ந்து குடிப்பது தொழிலின் ஒரு பாகம். பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும். அதனால் பதினொன்றரைக்கு ஆதிமூலம் தவிட்டு மூட்டை வைக்கிற அறைக்குள் போய்விடுவார். போனைக் கமலாவிடம் கொடுத்துவிடுவார். அவள் வெளியே பூட்டுவாள். விளக்கு வைக்கிற நேரத்தில்தான் திறக்க வேண்டும். முதல் வாரம் அவரே சட்டம் போட்டார்.

"நான் இன்னா சொன்னாலும் தொறக்காத. நெஞ்சு வலின்னு சொன்னாலும் தொறக்காத. செத்துட்டேன்னு சொன்னாலும் தொறக்காத."

"செத்துட்டேன்னு நீயே சொல்லுவியாய்யா?" என்றாள் கமலா. பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

நாற்பத்து மூன்றாம் நாள் சந்தை நாளாக விழுந்தது. வழக்கம்போல உள்ளே போனார். பாய், தண்ணீர்க் குடம், ஒரு வாளி, தூக்குவாளியில் சோறு, சுவரில் ஒட்டிய தாள், தெருப் பக்கம் கம்பி போட்ட ஒரு சன்னல். கமலா பின்கட்டில் உட்கார்ந்து விதைக் கடலை உடைக்கத் தொடங்கினாள். ஓடு உடைகிற சத்தம் அறைக்குள் நன்றாகக் கேட்டது.

ஒரு மணிக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

எழுந்து தாளுக்கு எதிரே நின்றார். பசியா? இரண்டு வாய் சோறு தின்றார், இறங்க மறுத்தது. தாகமா? ஒரு சொம்பு குடித்தார். ஒண்ணுக்கா? வாளிக்குப் போய்வந்தார். அசதியா? படுத்துப் பார்த்தால் மூச்சு அடைத்தது, எழுந்து உட்கார்ந்தார். கோபமா? யார் மேல் என்று தேடினார்; அன்றைக்கு என்னவோ யார் மேலும் இல்லை. கடைசியாக வலி. இதை அவர் அலட்சியமாகச் செய்யவில்லை. நெஞ்சில் விரல் விரலாக அமுக்கிப் பார்த்தார், எங்கும் வலிக்கவில்லை. வலி என்றால் குத்தும், எரியும். இது அப்படியில்லை. கீழ்த்தாடையிலிருந்து இடது தோள் வரைக்கும் யாரோ நுகத்தடியை ஏற்றி வைத்தது மாதிரி ஒரு பாரம். மேல்வயிற்றில் ஒரு திணறல். சட்டை தண்ணீரில் முக்கியது மாதிரி நனைந்திருந்தது. கை நடுங்கியது.

தாள் முடிந்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்பது தாண்டி மூன்று நாள். வியர்வை, நடுக்கம், உயிர் போகிற மாதிரி ஒரு இது. கந்தசாமி சொன்ன ஒவ்வொன்றும் அப்படியே.

"வந்துட்டியா," என்றார் சுவரைப் பார்த்து.

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். இன்றைக்கு இதைத் தாண்டிவிட்டால் போதும், வாசலில் இருக்கிற தகரப் பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விடும். கயிறு கட்டிய கையை மடியில் வைத்து, சுவரில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அலை ஏறியது. இறங்கும் என்று காத்திருந்தார். அவர் இதயத்தின் ஒரு பகுதி ரத்தம் கிடைக்காமல் செத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரத்தில், வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவர் தன்னைப் பற்றிப் பெருமைப்பட்டார்.

மூன்று மணிக்குச் சன்னலில் மாயவன் முகம் தெரிந்தது. அவரும் தரகர், இருபது வருடக் கூட்டாளி, சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார், வாசனையோடு.

"இன்னா மச்சான், மூஞ்சி இப்டி வெளுத்துப்போய்க் கீது?"

"முனி உலுக்குதுப்பா."

மாயவன் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்தார். நண்பன் உண்மையாகவே வேதனைப்படுகிறான் என்று அந்த ஊரில் அன்று நம்பியவர் அவர் ஒருவர்தான். நம்பியவரிடம் இருந்த மருந்துதான் தவறு. மடியிலிருந்து ஒரு குவார்ட்டரை எடுத்துக் கம்பிக்குள் நுழைத்துப் பாயில் போட்டார்.

"ஒரு வாய் ஊத்திக்கோ. முனிக்கு நாளைக்கு சேவல் அறுத்துக்கலாம். உயிரு ஜாஸ்தியா, கயிறு ஜாஸ்தியா?"

எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல ஆதிமூலத்துக்கு மூச்சு வரவில்லை. கையை ஆட்டினார். போய் வா என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு மாயவன் போய்விட்டார்.

பாட்டில் இரண்டடி தள்ளிக் கிடந்தது. ஆதிமூலம் அதைப் பார்த்தார். கை அதனிடம் ஓடிவிடுமோ என்று பயந்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். கை எங்கும் ஓடவில்லை. மறுபடி பார்த்தார். நாக்கில் எச்சில் ஊறவில்லை. இருபத்தொன்பது வருடத்தில் ஒரு பாட்டிலைப் பார்த்து அவருக்கு ஒன்றுமே தோன்றாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

மாட்டைப் பார்க்கும்போது கடைசியில் செய்கிற சோதனை ஒன்று உண்டு. எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் ஒரு கைப்பிடி பச்சைத் தீவனத்தை வாய்க்கு எதிரே நீட்டுவார். ஆசையாகத் தின்கிற தீவனத்தை முகர்ந்துவிட்டு மாடு முகத்தைத் திருப்பினால், மேலே பேச்சே கிடையாது, அந்த மாட்டுக்கு உள்ளே பெரிய கோளாறு. கரியாலூர்க் காளை அப்படித்தான் திருப்பியது.

இது ஆசை இல்லை. முனியும் இல்லை.

எழ முடியவில்லை. கதவு வரைக்கும் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய், முழங்கையால் தட்டினார். பின்கட்டில் கடலை உடைகிற சத்தம் நின்றது.

"கமலா. இது அது இல்லடி. கதவத் தொற."

"ம்."

"மெய்யாலுமே. உடம்பு முடியல. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"நெஞ்சு வலியா?" என்றாள் கமலா, குரலை உயர்த்தாமல்.

ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் அவள் திறந்திருக்க மாட்டாள். ஆனால் அவர் ஒரு கணம் யோசித்தார். முப்பத்தைந்து நாளாகத் தன் உடம்புக்குச் சரியான பேர் வைக்கப் பழகிய மனிதர், இப்போதும் சரியாகவே சொல்ல வேண்டும் என்று பார்த்தார்.

"வலி இல்ல. பாரமா கீது. தாடைல."

"தாடைலயா," என்றாள் அவள். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நெஞ்சுல இருந்தது, இப்ப தாடைக்கு ஏறிடுச்சா. உக்காருய்யா. நீ சொன்ன சட்டந்தான். அஞ்சு நாளு கீது, கெடுத்துக்காத."

கடலை உடைகிற சத்தம் மறுபடி தொடங்கியது. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டாவது முறை அவருக்கே கேட்கவில்லை. பின்கட்டில் கமலா உடைத்த பருப்பு நாலைந்து ஓட்டோடு போனது. அவர் கெஞ்சக் கெஞ்ச, இந்தத் தடவை கணவன் தேறிவிடுவான் என்ற நம்பிக்கையும் அவளுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. இவ்வளவு தாங்குகிறானே என்று நினைத்தாள். அவருக்காக அன்று அவள் வேண்டிக்கொண்டதுபோல் என்றும் வேண்டிக்கொண்டதில்லை.

விளக்கு வைத்ததும், சொன்ன சொல் மாறாமல், பூட்டைத் திறந்தாள். டீ ஒரு கையில் இருந்தது.

ஆதிமூலம் கதவோரம் சரிந்து கிடந்தார். கண் பாதி மூடி, உதடு தொங்கி, சட்டை நனைந்து, வாயோரம் வாந்தி. இருபத்து மூன்று வருடத்தில் அவள் ஆயிரம் மாலை பார்த்த கோலம். அதற்கு அப்பால் பாயில் குவார்ட்டர்.

அவர் எல்லாவற்றையும் பார்த்தார். நாடியும் நாக்கும்தான் சரியில்லை, கண் வேலை செய்தது. அவள் பார்வை பாட்டிலுக்குப் போனதையும், கழுத்து நரம்பு ஒருமுறை இழுத்ததையும், தோள் தளர்ந்து தாழ்ந்ததையும் பார்த்தார். ஒரு உடம்பு முடிவு எடுத்துவிட்டதை அவருக்குத் தெரியாமல் யாராலும் மறைக்க முடியாது. மூடியைப் பார், மூடி உடைக்கவில்லை, என்று சொல்ல வேண்டும். "மூ" என்றார். குழறியது. விரலை நீட்டப் பார்த்தார். அது அவளைப் பார்த்து ஆடிய குடிகாரனின் விரலாக ஆனது.

கமலா டீயைத் தரையில் வைத்தாள். திட்டவில்லை.

"அஞ்சு நாளுதான்யா இருந்தது," என்றாள்.

அக்கம்பக்கத்தில் யாரும் அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாம் என்று கதவைச் சாத்தி மறுபடி பூட்டினாள். அது மரியாதைக்காகச் செய்தது. தகரப் பெட்டி தரையில் இழுபடுகிற சத்தம் வாசல்வரை போவதை ஆதிமூலம் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கள்ளக்குறிச்சி பஸ் நின்று கிளம்பியது. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் இருந்தார் என்பது தெரியாது. அதிகம் இருக்காது என்று பின்னால் மருத்துவர் சொன்னார், ஆறுதலுக்குச் சொல்லியிருக்கலாம்.

காலையில் சன்னல் வழியாகப் பார்த்தவர் மாயவன். போலீஸ் வந்து பூட்டை உடைத்தது. மூடி உடைக்காத பாட்டிலை ஒரு பையில் போட்டுக்கொண்டார்கள். அறுத்துப் பார்த்ததில் வயிற்றில் ஒரு சொட்டுச் சாராயம் இல்லை, மாரடைப்பு, மதியமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்று எழுதினார்கள். கந்தசாமி பூசாரிக்கு அந்த மாதம் கயிறு கட்ட வந்த கூட்டம் தாங்கவில்லை. கயிற்றை விடாமல் உயிரை விட்டவர் என்று ஆதிமூலத்தின் பேர் ஏரிக்கரை முழுக்கப் பரவியிருந்தது.

களமருதூரிலிருந்து கமலாவை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள். உயிரோடு இருந்த ஆளை ஏன் வெளியே பூட்டிவிட்டுப் போனாய் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். தூங்கிக்கினு இருந்தாருன்னு சொல்லிடு என்று நாராயணசாமி வழி முழுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் அதைச் சொல்லவில்லை.

"அவருதாங்க பூட்டச் சொன்னாரு."

"தன்னையே பூட்டச் சொல்லி எவன்மா சொல்லுவான்?"

"அவருதாங்க சொன்னாரு. இன்னா சொன்னாலும் தொறக்காதன்னு சொன்னாரு."

சப்-இன்ஸ்பெக்டர் நாராயணசாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் சொன்னதைவிடச் சின்னதாக, தூங்குகிறார் என்று நினைத்துப் பூட்டிவிட்டுப் போனதாக எழுதினார். கையெழுத்துப் போடத் தெரிந்த பெண் என்பதால், எழுதியதை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.